வேலையோடு கலாநிதிப் பட்டம்: டிபிஏ செய்து முடித்த ஒருத்தியின் குறிப்புகள்

கேள்வி (2025 ஜூன் 6)

எனக்கு 36 வயது, வெள்ளவத்தை. ரத்மலானைப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் கொள்வனவுப் பிரிவு முகாமையாளர். எம்பிஏ முடித்து ஐந்து வருடம். டிபிஏ, அதாவது வணிக நிருவாகத்தில் கலாநிதிப் பட்டம், செய்யலாமா என்று யோசிக்கிறேன். கந்தோரில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: டிபிஏ என்பது காசு கட்டி வாங்குகிற கலாநிதிப் பட்டம், உண்மையான ஆய்வு என்றால் பிஎச்டிதான், வேலையும் பார்த்துக்கொண்டு படித்தால் இரண்டும் அரைகுறை. செய்து முடித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

2025 ஜூன் 7, சனி இரவு

தம்பி, நான் முடித்தேன். 2020 ஜனவரியில் பதிந்தேன், 2025 மார்ச்சில் வைவா, ஆய்வேட்டுக்கான வாய்மொழிப் பரீட்சை. இடைப்பட்ட ஐந்து வருடமும் கொழும்பில் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பிரிவில் முழுநேர வேலை. வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாமி. பல்கலைக்கழகம் இங்கிலாந்தில், பகுதிநேரப் பதிவு.

காசு கட்டி வாங்குகிற பட்டம் என்பதற்கு முதலில் பதில். அப்படி விற்பவர்கள் இருக்கிறார்கள், அதை வேறாக எழுதுகிறேன். ஆனால் பட்டத்தின் பிறப்பு அப்படியில்லை. ஹார்வர்ட் வணிகப் பள்ளி பல பத்தாண்டுகளாகத் தன் ஆய்வு மாணவர்களுக்குக் கொடுத்ததே டிபிஏதான். 2018 அளவில்தான் அதைப் பிஎச்டி ஆக்கினார்கள். அது முழுநேர ஆய்வு. நாங்கள் பேசும் டிபிஏ, வேலையில் இருப்பவர்களுக்கான தொழில்சார் பட்டம், பிரித்தானியாவில் 1990களில் பரவியது. இங்கிலாந்தின் தகைமைச் சட்டகத்தில் டிபிஏயும் பிஎச்டியும் ஒரே 8ஆம் மட்டத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் புதிய அறிவு வேண்டும், இரண்டுக்கும் வெளிப் பரீட்சகர் உண்டு. ஆய்வேடு மட்டும் டிபிஏக்குப் பெரும்பாலும் கொஞ்சம் சிறியது.

கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வேறுபாடு. பிஎச்டி செய்பவர் பொதுவாக ஏற்கனவே எழுதப்பட்டதை வாசித்து, விடுபட்ட இடத்தில் கேள்வியைத் தேடுவார். எங்களுக்குக் கேள்வி மேசையிலேயே கிடக்கும். எனக்குக் கிடந்த கேள்வி இது: எங்கள் கடன் மதிப்பீட்டுத் தாளில் தோற்றுப்போகிற ஒரு சில்லறைக் கடைக்காரருக்கு, புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரி கையெழுத்துக்கூட வாங்காமல் பத்து இலட்சத்துக்குச் சரக்கு ஏற்றிவிடுகிறார். அவருக்குத் தெரிந்த எது எங்களுக்குத் தெரியவில்லை?

இந்தக் கேள்வி பதினொரு வருடம் என் தலையில் இருந்தது. அப்படி ஒன்று உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மற்றதெல்லாம் சமாளிக்கலாம். நேரத்தைப் பொறுத்தவரை, கிழமைக்கு 15 மணித்தியாலம் ஒதுக்கினால் போதும்.

2025 ஜூன் 10, பொசன் போயா

15 மணித்தியாலம் என்று எழுதியது பிழை. படுத்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று காலை பழைய டயரிகளை எடுத்துக் கணக்குப் பார்த்தேன்.

2021இல் 15 மணித்தியாலம் வந்த கிழமைகள் ஒன்பது. ஆண்டுக் கணக்கு முடிகிற மார்ச் மாதம் முழுவதும் சைபர். மீதிக் கிழமைகளில் மூன்று, நான்கு, சிலவற்றில் ஆறு. "கிழமைக்கு இத்தனை" என்று பல்கலைக்கழகக் கையேடுகள் எழுதுவது சராசரி. என் டயரியில் கிழமைகள் அப்படிச் சீராக ஓடவில்லை.

என்னைக் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று, தினமும் விடியற்காலை 40 நிமிடம். புதிதாக எழுத அது போதாது. நேற்று விட்ட பந்தியை வாசிக்கலாம், ஒரு கட்டுரையைச் சொட்டரோவில் (கட்டுரைகளைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் மென்பொருள்) சேர்த்து இரண்டு வரி குறிப்பு எழுதலாம். நாலு நாள் தொடாமல் விட்டால் என்ன யோசித்துக்கொண்டிருந்தோம் என்பதை நினைவுக்குக் கொண்டுவரவே ஒரு முழு இரவு போகும். தொட்டுவைத்திருந்தால் போகாது.

மற்றது போயா, பௌர்ணமி விடுமுறை. வருடத்துக்கு 12, சில வருடம் 13. வங்கி இல்லை, கந்தோர் இல்லை, போன் அடிக்காது. என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுக்கப் போயா நாட்களில் எழுதியது. கிழமை நடுவில் போயா வந்தால் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அன்று அம்மா அறையில்தான் என்று. இன்றைக்கும் பழக்கத்தில் அறைக்குள் வந்துவிட்டேன், அதனால்தான் இது இவ்வளவு நீளம்.

நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்த 2022ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவித்தார்கள். அதற்கு முன்பே மடிக்கணினியை நம்ப முடியாமல் போயிருந்தது. சீஆர் கொப்பி ஒன்று வாங்கி, மெழுகுதிரி வெளிச்சத்தில் கையால் எழுதினேன். பெற்றோல் வரிசையில் இவர், என் கணவர், காரோடு நிற்க, நான் மாறி நிற்கப் போகும்போது அச்செடுத்த கட்டுரைகளைக் கொண்டுபோவேன். எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீட்டு முறை வந்த பிறகுதான் வரிசை குறைந்தது. இலக்கிய மீளாய்வில் பாதி அந்த வரிசைகளில் வாசித்தது. அந்த வருடத்தில் நான் விட்டுவிடாமல் இருந்ததற்குக் காரணம் ஒழுங்கு என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இன்று டயரியை வாசிக்கும்போது அப்படித் தெரியவில்லை. வெளியே எல்லாமே கைமீறிப் போயிருந்தபோது, நாளைக்கு எந்தப் பந்தியைத் திருத்த வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

2025 ஜூன் 11

விற்கிற பட்டம் பற்றிச் சுருக்கமாக.

ஞாயிறு பத்திரிகையில் "18 மாதத்தில் கலாநிதி" என்று அரைப்பக்க விளம்பரம் பார்த்தால், காசு கட்ட முதல் வோட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் பட்டியலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் பட்டியலிலோ அது இருக்கிறதா என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள். வரவேற்பு மேசையில் காட்டுகிற கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

எம்பிஏயையும் பாருங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 12 மட்டங்கள், கலாநிதி 12ஆவது. பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9ஆம் மட்டம், ஆய்வுப் பகுதியும் சேர்ந்தது 10ஆம் மட்டம். உங்களுடையது எது என்று சான்றிதழோடு வந்த பெறுபேற்றுத் தாளை எடுத்துப் பாருங்கள். ஆய்வே செய்யாத எம்பிஏயோடு நேரே டிபிஏக்குள் போனவர்கள் முதல் வருடம் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அந்த நிறுவனத்திடமே மூன்று கேள்வி கேளுங்கள். என் மேற்பார்வையாளர் யார், அவர் என்ன எழுதியிருக்கிறார்? வைவாவுக்கு வெளியிலிருந்து பரீட்சகர் வருவாரா? இங்கே முடித்தவர்களின் ஆய்வேடுகளை நான் எங்கே வாசிக்கலாம்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் எழுந்து வாருங்கள்.

2025 ஜூன் 15

பணம். இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன்.

ஆண்டுக் கட்டணம் 6000 பவுண். பதிந்தபோது ஒரு பவுண் 240 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, ஆக 14 இலட்சம் சொச்சம். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டுவிட்டார்கள், அது சரிந்தது. அந்த வருட நடுவில் அதே 6000 பவுணுக்கு ஏறத்தாழ 26 இலட்சம் கட்டினேன். பிறகு 2023 ஜனவரியில் வருமான வரி ஏறியது, மேல் தட்டுக்கு 36 வீதம். சம்பளத் தாளில் அது எங்கள் வீட்டுக்கு என்ன செய்தது என்று தனியார் துறையில் இருந்த எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

கல்யாணத்துக்கு அம்மா போட்ட வளையல் ஒரு சோடியைச் செட்டியார் தெருவில் அடகு வைத்தேன். பிறகு மீட்டுவிட்டேன். சொல்ல வந்தது இதுதான்: வெளிநாட்டு நாணயத்தில் கட்டணம் என்றால், பதிகிற நாளின் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். முழுக் கட்டணத்தையும் ஒன்றரை மடங்காக்கிப் பாருங்கள். அதுவும் தாங்கும் என்றால் போங்கள். உள்ளூரில் அரச பல்கலைக்கழகத்தில் உங்கள் துறைக்கு நல்ல மேற்பார்வையாளர் கிடைத்தால், வெளிநாட்டுப் பெயருக்காக அதைத் தட்டிவிட வேண்டாம். நான் இன்று தொடங்கினால் இங்கேதான் முதலில் கதவைத் தட்டுவேன்.

2025 ஜூன் 22, ஞாயிறு

வேலை செய்துகொண்டு படித்தால் இரண்டும் அரைகுறை என்ற பேச்சுக்கு இன்று வருகிறேன். முதல் நாளே எழுதியிருக்க வேண்டியது. எழுத மனம் வரவில்லை.

நேரம் கஷ்டம்தான். ஆனால் என்னை உண்மையில் மடக்கியது என் பதவி.

2022 தொடக்கத்தில் நேர்காணல்களைத் தொடங்கினேன். கடைக்காரர்களைத் தேடுவதில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை, எங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் கையில் இருந்தது. ஒழுக்கநெறிக் குழு விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி: உங்களுக்கும் பங்குபற்றுபவர்களுக்கும் இடையே அதிகார உறவு ஏதும் உண்டா? "உண்டு, சம்மதப் பத்திரம் வாங்கப்படும், பெயர் மறைக்கப்படும்" என்று இரண்டு வரி எழுதினேன். அனுமதி கிடைத்தது. அதோடு அந்தக் கேள்வியை மறந்துவிட்டேன்.

ஒன்பது பேரிடம் பேசினேன். எல்லாரும் கதிரையைத் துடைத்துப் போட்டார்கள், நெக்டோ வாங்கி வைத்தார்கள், ஒரு மணித்தியாலம் பேசினார்கள். எனக்கு ஒரே சந்தோசம். ஒலிப்பதிவுகளை இரவிரவாக எழுத்தாக்கி, மொழிபெயர்த்து அனுப்பினேன். மேற்பார்வையாளரிடமிருந்து இரண்டு வசனத்தில் பதில் வந்தது. ஒன்பது நேர்காணலிலும் ஒருவர்கூட நிதி நிறுவனங்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லையே. 2022இல், இலங்கையில்?

அந்த மின்னஞ்சலைப் பஸ்ஸில் வாசித்தேன். பம்பலப்பிட்டியில் இறங்க வேண்டியவள் கொள்ளுப்பிட்டி தாண்டித்தான் இறங்கினேன்.

ஒன்பது பேரில் ஏழு பேர் எங்களிடம் கடன் வாங்கியிருந்தவர்கள். எதிரே இருந்தது ஆய்வு மாணவி என்று நான் நினைத்தேன். அவர்களுக்கு எதிரே இருந்தது தவணையை நீட்டித் தரவோ வண்டியைத் தூக்கவோ கூடிய ஒரு மேடம். என் பையில் கந்தோர் அடையாள அட்டை தொங்கியதைக்கூட நான் கழற்றவில்லை. பதிவுகளைத் திரும்பக் கேட்டபோது, ஆறாவது பதிவில் ஒரு குரல் சிரித்துக்கொண்டே சொல்கிறது: "மகள், இதுக்கெல்லாம் நான் பதில் சொன்னா லோனைக் கொஞ்சம் பார்த்துச் செய்வீங்களா?" நான் அந்த வசனத்தை எழுத்தாக்கியிருக்கிறேன், மொழிபெயர்த்திருக்கிறேன். அப்போது அது என் காதில் விழவில்லை.

மூன்று கிழமை எதையும் தொடவில்லை. பிறகு கிறிஸ் ஆர்ஜிரிஸ் 1991இல் எழுதிய ஒரு கட்டுரையைத் திரும்ப வாசித்தேன். முதல் வருடப் பாடநெறியில் வாசித்து, நன்றாகச் சுருக்கி எழுதிப் புள்ளியும் வாங்கிய கட்டுரை. திறமைசாலியான உத்தியோகத்தர்கள் தோல்வியை அதிகம் காணாதவர்கள், அதனால் தோல்வியிலிருந்து படிக்கத் தெரியாதவர்கள், பிழை நேர்ந்தால் பழியை வெளியே தள்ளிவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறார். அந்த மூன்று கிழமையும் நான் "எங்கள் ஆட்கள் மனம் திறந்து பேசமாட்டார்கள்" என்றுதான் கணவரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதையும் தரவிலிருந்து எடுத்தேன். எங்களோடு கணக்கே இல்லாத வியாபாரிகளைத் தேடினேன். அறிமுகத்துக்கு மாமியின் தம்பி உதவினார், பழைய சோனகத் தெருவில் நாற்பது வருடம் கணக்கெழுதியவர். முதல் இரண்டு சந்திப்பில் ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் கடையில் ஒரு மூலையில் இருந்தேன். நாட்டாமிகள் மூட்டை இறக்குவதும், போனில் ஓடர் வருவதும், கணக்குக் கொப்பியில் பெயருக்கு எதிரே ஒரு கோடு விழுவதும் பார்த்தேன். கேள்வியையும் மாற்றினேன். "உங்கள் கடன் பழக்கம் எப்படி" என்று கேட்பதை விட்டு, "இனி இவருக்குக் கடன் இல்லை என்று கடைசியாக யாரைப் பற்றி முடிவெடுத்தீர்கள், அன்றைக்கு என்ன நடந்தது" என்று கேட்டேன். அப்படி 31 பேர்.

வைவாவில் அதிக நேரம் கேட்டது இந்த ஒன்பது பேரைப் பற்றித்தான். வீசிய நேர்காணல்களை வீசியதாகவே ஆய்வேட்டில் எழுதியிருந்தேன்.

2025 ஜூன் 23

நேற்று எழுதியதில் ஒன்று விடுபட்டது. தம்பி, உங்களுக்கும் இதே பள்ளம் இருக்கிறது. நீங்கள் கொள்வனவில் இருக்கிறீர்கள். உங்கள் விநியோகத்தர்களை நேர்காணல் செய்தால் ஓடர் கொடுப்பவரிடம்தான் அவர்கள் பேசுவார்கள். முன்மொழிவு எழுதும்போதே இதற்கு வழி யோசியுங்கள்.

2025 ஜூலை 6

நாலாம் குறுக்குத் தெரு வியாபாரிக்குத் தெரிந்த எது எங்களுக்குத் தெரியவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி, ஐந்து வருடம் அதற்குத்தானே போனது.

தமிழில் பேசிய எல்லாருடைய வாயிலும் ஒரே சொல் வந்தது. நாணயம். "அவன் நாணயமான ஆள்." "நாணயம் கெட்டுப்போச்சு." ஆய்வேடு ஆங்கிலத்தில், ஆகவே முதல் வரைவில் எல்லா இடத்திலும் "கிரெடிட்வர்த்தினஸ்", கடன் பெறும் தகுதி, என்று போட்டேன். மேற்பார்வையாளர் ஒரு நாள் ஸூமில், மூலச் சொல் என்ன, அதற்கு வேறு பொருள் உண்டா என்று கேட்டார். காசுக்கும் அதே சொல்தான், நேர்மைக்கும் அதே சொல்தான் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்படியானால் ஏன் மொழிபெயர்த்தீர்கள்?" என்றார்.

அன்றிலிருந்து அந்தச் சொல்லை ஆய்வேட்டில் அப்படியே வைத்தேன். சிங்களத்தில் பேசியவர்கள் "விஸ்வாசய" என்றார்கள், அதையும் வைத்தேன். இரண்டும் ஒன்றில்லை என்பது, பேச்சின் துண்டுகளுக்குப் பொருள்வாரியாகக் குறியீடு போடும்போது தெரிந்தது. விஸ்வாசய என்றவர்கள் இரண்டு பேருக்கு நடுவில் உள்ள உறவைப் பற்றிப் பேசினார்கள். நாணயம் என்றவர்கள் ஓர் ஆளின் குணத்தைப் பற்றிப் பேசினார்கள், தெரு முழுவதும் அறிந்திருக்கும் குணம்.

நாணயம் என்றால் சொன்ன நாளில் காசு கட்டுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் மதிப்பீட்டுத் தாளும் அதைத்தான் அளக்கிறது: எத்தனை நாள் தாமதம், எத்தனை செக் திரும்பியது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 700 அடிப்படைப் புள்ளி, அதாவது 7 வீதப் புள்ளி, ஏற்றியது. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நாள் தவறாதவர் யாருமே இல்லை. எல்லாரும் தவறிய தெருவில் தவறுவதை அளந்து என்ன பயன்? அந்த மாதங்களிலும் வியாபாரிகள் சிலருக்குக் கொடுத்தார்கள், சிலரை வெட்டினார்கள். ஏன் என்று கேட்கக் கேட்க ஒரே பதில் வந்தது. பின்திகதி போட்ட செக்கை வங்கியில் போடுவதற்கு முந்தின நாள் வந்து, "நாளைக்குப் போடாதீங்க, காசு இல்லை" என்று நேரில் சொன்னவருக்கு நாணயம் குறையவில்லை. போனை எடுக்காதவருக்குப் போய்விட்டது. தொகை இரண்டாம் பட்சம்.

எங்கள் கந்தோரில் தவணைத் திகதிக்கு முன் வாடிக்கையாளர் வந்து சொன்னால், அதைப் பதிவதற்கு முறைமையில் ஓர் இடமே இருக்கவில்லை. வந்து சொன்னவரும் ஒளித்தவரும் எங்கள் திரையில் ஒரே நிறத்தில் தெரிந்தார்கள். இதைக் கண்ட அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அப்படி வந்து சொன்ன எத்தனை பேரின் கோப்பில் நான் கையெழுத்துப் போட்டு அறவிடல் பிரிவுக்கு அனுப்பியிருப்பேன்.

இப்போது அந்த இடம் இருக்கிறது. சின்ன மாற்றம், இரண்டு கிளைகளில் மட்டும். அதற்கு ஒப்புதல் வாங்க எட்டு மாதம் பிடித்தது.

2025 ஜூலை 10

31 பேர் ஏன், 12 போதும் என்று படித்தேனே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 12 வந்தது 2006இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து. கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களைப் பார்த்து, புதிய விடயங்களில் பெரும்பகுதி முதல் 12க்குள் வந்துவிட்டது என்றார்கள். ஒரே மாதிரியான ஆட்கள், ஒடுங்கிய கேள்வி என்றால்தான் அது பொருந்தும். எனக்கு மூன்று சமூகம், இரண்டு மொழி, அரிசி, துணி, மின்சாமான் என்று மூன்று சரக்கு. எண்ணை முதலில் வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள்.

2025 ஜூலை 19

வீட்டைப் பற்றி யாரோ கேட்டது. நீளமாக எழுத விருப்பமில்லை. மகளின் ஓ லெவல் வருடத்தில் நான் தரவு எழுத்தாக்கிக்கொண்டிருந்தேன். அவள் நன்றாகச் செய்தாள். ஆனால் கணக்கில் ஒரு சந்தேகம் கேட்க அறை வாசலில் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன இரவுகள் உண்டு. அதை நான் ஈடுசெய்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

இவரும் மாமியும் இல்லாமல் நடந்திருக்காது. மாமிக்கு இன்னமும் டிபிஏ என்றால் என்னவென்று சரியாகத் தெரியாது. 2024 டிசம்பரில் சபாநாயகர், தன் கலாநிதிப் பட்டத்தின் ஆவணங்களை உடனே காட்ட முடியவில்லை என்று பதவி விலகிய செய்தி தொலைக்காட்சியில் போனபோது, "உன்ர கடுதாசியெல்லாம் பத்திரமா இருக்குதா பிள்ளை?" என்று கேட்டார். அப்போது எனக்கு வைவாவே நடக்கவில்லை. இப்போது சான்றிதழ் மாமியின் அலுமாரியில், காணி உறுதிகளோடு இருக்கிறது.

பெயருக்கு முன்னால் கலாநிதி என்று போடுவதைப் பற்றி: கந்தோரில் போடவில்லை. சம்பளமும் ஏறவில்லை, பதவியும் அதேதான். இதற்காகத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் நன்றாக யோசியுங்கள்.

2025 ஆகஸ்ட் 8, நிக்கினி போயா

ஜூன் 15 குறிப்பில் நல்ல மேற்பார்வையாளர் கிடைத்தால் என்று லேசாக எழுதிவிட்டுப் போனேன். அது லேசான விடயமில்லை.

என் முதல் மேற்பார்வையாளர் இரண்டாம் வருடத்தில் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினார். ஏழு மாதம் எனக்கு ஒருவரும் இல்லை. மின்னஞ்சல் அனுப்பினால் "உங்கள் விடயம் கவனத்தில் உள்ளது" என்று பதில் வரும். கட்டண அறிவித்தல் மட்டும் நாள் தவறாமல் வந்தது. அந்த ஏழு மாதத்தில் என்னோடு தொடங்கிய இரண்டு பேர் விட்டார்கள். இருவரும் என்னைவிட நன்றாக எழுதுவார்கள்.

ஒன்பது நேர்காணல் பற்றிக் கேட்டவர் இரண்டாமவர். அவர் வந்திருக்காவிட்டால் அந்த ஒன்பதையும் வைத்து ஓர் ஆய்வேடு எழுதி, ஒருவேளை தேறியும் இருப்பேன். அதை நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது. மேற்பார்வையாளர் போனால் எத்தனை நாளுக்குள் மாற்று ஆள் தருவீர்கள், அந்தக் காலத்துக்குக் கட்டணம் நிறுத்தப்படுமா என்று பதிவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

2025 ஆகஸ்ட் 24

தம்பி, நீங்கள் அனுப்பிய தலைப்பை வாசித்தேன். "இலங்கை ஆடைத் தொழிலில் விநியோகச் சங்கிலியின் மீள்தன்மை." நேராகச் சொல்கிறேன், இதில் நீங்கள் இல்லை. இந்தத் தலைப்பை ஹம்பேர்க்கில் இருந்து ஒருவர் எழுதலாம், ரத்மலானைக்கு வராமலே.

அதே மடலின் கடைசிப் பந்தியில், கதையோடு கதையாக ஒன்று எழுதியிருக்கிறீர்கள். சிப்பும் பொத்தானும் வாங்க அங்கீகரித்த விநியோகத்தர் பட்டியல் இருக்கிறது, விலையும் அங்கேதான் குறைவு, ஆனால் அவசரம் என்றால் எல்லாரும் பட்டியலில் இல்லாத ஒருவருக்குத்தான் இரவில் போன் போடுகிறோம் என்று. அந்தப் பந்தியை வெட்டி எடுத்து மேசையில் ஒட்டுங்கள். ஏன் அவருக்கு? பட்டியல் எதைப் பார்க்காமல் விட்டது? எழுதப்பட்ட முறையும் நடக்கிற முறையும் விலகும் இடத்தில் நீங்கள் தினமும் நிற்கிறீர்கள். வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு வருடம் வேண்டும்.

ஆனால் அந்த விலகல் உங்கள் கந்தோரில் கணக்காய்வுக்குத் தெரிந்தால் யாருக்கு இடைஞ்சல் வரும் என்பதையும் இப்போதே யோசியுங்கள். முகாமையிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு வரியும் சேகரிக்க வேண்டாம். நான் வாங்கியிருந்தேன். வாங்காத ஒருவர் மூன்று வருட வேலையை ஆய்வேட்டில் போட முடியாமல் நின்றதை அறிவேன்.

2025 செப்டம்பர் 14

ஜூலை 6 குறிப்பில் நாணயம் பற்றி எழுதியது அரைவாசிதான் என்று நேற்றுத் தெரிந்தது.

வைவா முடிந்த பிறகு ஆய்வேட்டைத் தமிழில் ஆறு பக்கமாகச் சுருக்கி, நேரம் தந்த வியாபாரிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வருகிறேன். நேற்றுக் காலை நாலாம் குறுக்குத் தெருவில் ஒருவரிடம் போனேன். பெயர் எழுதமாட்டேன், தெருவில் எல்லாரும் ஹாஜியார் என்பார்கள். போன மாதம் கொடுத்த ஆறு பக்கத்தையும் வாசித்து வைத்திருந்தார். சிவப்புப் பேனையால் இரண்டு இடத்தில் கோடு. ஒன்று, செக் திகதியில் நான் விட்ட ஒரு பிழை. மற்றதுக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை, வாயால் சொன்னார்.

"மகள், வாங்கினவன்ட நாணயத்தைத்தான் எழுதியிருக்கீங்க. குடுத்தவன்ட நாணயம் எங்கே?"

எனக்கு விளங்கவில்லை. விளக்கினார். ஒருவன் முன்கூட்டியே வந்து காசு இல்லை என்று சொல்கிறான் என்றால், தன் கஷ்டத்தை என் கையில் தருகிறான். அதை நான் பக்கத்துக் கடையில் சொன்னால் நாளைக்கு அவனுக்குத் தெருவில் ஒரு மூட்டை கிடைக்காது. சொல்லாமல் வைத்திருப்பது என் நாணயம். அது இருக்கிறபடியால்தான் அவன் வந்து சொல்கிறான்.

31 நேர்காணலையும் இரவு திரும்ப எடுத்தேன். இருக்கிறது. குறைந்தது ஏழு இடத்தில் இருக்கிறது. "வேற ஆளுக்குச் சொல்லக் கூடாது", "அது எங்களுக்குள்ள" என்று. ஒன்றுக்கும் நான் குறியீடு போடவில்லை, ஏனென்றால் நான் கடன் கொடுக்கும் பக்கத்தில் வேலை செய்பவள், எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு கடமை கிடையாது. எங்களுக்கு இருப்பது கிறிப், 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த கடன் தகவல் பணியகம். ஒருவர் தவறினால் நாங்கள் அங்கே அறிவிக்க வேண்டும், எல்லாக் கடன் நிறுவனங்களும் பார்க்கும். அது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை, பொதுமக்களின் வைப்புப் பணத்தைக் கையாளும் நிறுவனத்துக்கு அது வேண்டும். ஆனால் முன்கூட்டியே வந்து சொல்லுங்கள் என்று இரண்டு கிளைகளில் புதிதாக ஓர் இடம் திறந்து வைத்திருக்கிறேனே, அங்கே வந்து சொல்கிறவருக்கு நாங்கள் என்ன காப்பு கொடுக்கிறோம்? முதல் மாதத்துக்குப் பிறகு அங்கே ஆட்கள் வருவது குறைந்தது. ஏன் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது.

செக் திகதிப் பிழையைத் திருத்தி அந்த ஒரு பக்கத்தை மட்டும் புதிதாக அச்செடுத்தேன். சனிக்கிழமை கொண்டுபோகிறேன். கொப்பியும் கொண்டுபோகிறேன்.